காத்திருந்தவனின் கணக்கு

காத்திருக்கிறவன் தன்னைக் கடன் கொடுத்தவனாகவே நினைத்துக் கொள்கிறான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1999இல் 'ஹோம்வேர்ல்டு' என்ற கணிப்பொறி விளையாட்டு வெளிவந்தது. பாலைவனக் கோளொன்றில் வாழும் மக்கள், மணலில் புதைந்த பழைய கப்பலில் ஒரு கல்லைக் கண்டெடுக்கிறார்கள். ஆதித் தாயகத்துக்கு வழி அதில் பொறித்திருக்கிறது. தலைமுறைகள் உழைத்துத் தாய்க்கப்பல் கட்டுகிறார்கள். சோதனைப் பயணம் போய்த் திரும்பினால், விட்டுச் சென்ற கோளே தீப்பற்றி எரிகிறது! எஞ்சியவர்களை, விண்வெளியில் வியூகம் வகுத்துப் போரிட்டபடி, தாயகம் சேர்ப்பது ஆடுகிறவனின் பொறுப்பு. எத்தனையோ இரவுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்திருக்கிறேன்.

2003இல் இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாவதை 2019இல் அறிவித்தார்கள். வெளியீட்டுத் தேதி தள்ளிப் போகப் போக, நான் அதை என் மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கிவிட்டேன்.

2024 மே மாதம் அது வந்தது. ஆடினேன். "இது அதுவல்லவே!" என்றது மனம்.

எது அது? நான் தேடியது விளையாட்டையா, அல்லது 1999இல் அதை ஆடிய இளைஞனையா? அவனை எந்தக் கப்பல் ஏற்றிக்கொண்டு வரும்?

கொடுத்த விலைக்குப் பொருள் கேட்க எனக்கு உரிமை உண்டு. கண்ட கனவுக்கு ஈடு கேட்க உரிமை ஏது? பெற்ற பிள்ளைகளிடமும் இந்த வழக்கைத்தானே நாம் தொடுக்கிறோம்? அவர்கள் அறியாமலே நாம் ஒரு மகனைக் கற்பனையில் வளர்த்துவிட்டு, வந்து நிற்கிறவனைக் குறை சொல்கிறோம்.

காத்திருந்த ஆண்டுகளின் இன்பத்தை அன்றன்றே அனுபவித்து விட்டேன். கணக்கைப் புரட்டிப் பார்த்தால், கடன்பட்டவன் நான்தான்.