அவசரமும் அவகாசமும்

விளைவை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே சொல்லோ செயலோ வெளிப்பட்டுவிடுவதுதான் அவசரபுத்தி. அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் சுடச்சுடப் பதில் சொல்லிவிடுவது, தள்ளுபடிப் பலகையைக் கண்டதும் தேவையில்லாத பொருளுக்குப் பணம் கட்டிவிடுவது, ஒரு வார்த்தை பொறுக்காமல் வேலையை உதறிவிட்டு வெளியேறுவது என்று அது பல வடிவங்களில் வரும். வேகம் எல்லாமே அவசரபுத்தி ஆகிவிடாது. சாலையில் குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டதும் பிரேக்கை மிதிக்கும் ஓட்டுநரும் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. அது பல ஆண்டுப் பயிற்சி தந்த வேகம். அவசரபுத்தி தரும் வேகத்துக்குப் பின்னால் பயிற்சி இல்லை; பெரும்பாலும் வருத்தமே மிஞ்சுகிறது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறது பழமொழி. உண்மையில் ஆத்திரப்படுகிறவர்களுக்கு அறிவில் குறை இருப்பதில்லை. அறிவு வந்து சேர்வதற்குள் செயல் முடிந்துவிடுகிறது, அவ்வளவே. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் எழும் ஆசையையும் சினத்தையும் சற்று நிறுத்திவைத்துப் பின்விளைவைக் கணக்கிடுகிறது. மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடையும் பகுதிகளில் இதுவும் ஒன்று. இருபது வயதைத் தாண்டிய பிறகும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஐம்பது வயது நிதானத்தை எதிர்பார்ப்பது அதனால்தான் நியாயமில்லை.

இந்தப் பகுதிக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகுக்குக் காட்டியது ஒரு விபத்து. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியாக இருந்த பினியஸ் கேஜுக்கு வயது 25. வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்ததில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழே புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. கேஜ் பிழைத்துக்கொண்டார். பேச்சு, நடை, நினைவு எல்லாம் திரும்பின. ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் பொறுமையற்றவராகவும், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராகவும், போட்ட திட்டத்தை உடனே கைவிடுகிறவராகவும் மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஜான் ஹார்லோ 1868-இல் எழுதினார்.

பாடநூல்கள் பலவும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. மீதிக் கதைதான் முக்கியமானது. கேஜ் 1852-இல் சிலி நாட்டுக்குப் போய் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். ஆறு குதிரைகள் பூட்டிய, பாரம் ஏற்றிய வண்டி அது. குறித்த நேரத்தில் எழுந்து, குதிரைகளைப் பராமரித்து, பயணிகளை அனுசரித்து ஓட்ட வேண்டிய வேலை. கேஜின் வாழ்க்கையை ஆழ்ந்து ஆராய்ந்த மால்கம் மெக்மிலன், நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார். உள்ளே இருந்த கட்டுப்பாடு சிதைந்தபோது வெளியே இருந்த ஒழுங்கு கைகொடுத்திருக்கிறது. அவசரபுத்தியைக் கையாள விரும்பும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது அரிது.

உடல்நிலையும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. தூக்கக் குறைவு, மது, பசி, களைப்பு ஆகியவை நிதானத்தைக் குலைக்கும். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்கின்றன. அவற்றை உட்கொள்ளும் சிலருக்கு, அதுவரை சூதாட்டத்தின் பக்கமே போகாதவர்களுக்குக்கூட, சூதாட வேண்டும், கண்டதையெல்லாம் வாங்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கை தோன்றுகிறது. மருத்துவர் மருந்தை மாற்றினால் அது பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. அவசரக்காரரை ஒழுக்கம் கெட்டவர் என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது அறிந்திருக்க வேண்டும்.

மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டிய மன்னன் சான்று. ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில் கோவலன் அரசியின் சிலம்பைத் திருடிவிட்டான் என்று பொற்கொல்லன் வந்து முறையிடுகிறான். விசாரணை இல்லாமலே கொலைத் தீர்ப்பு பிறந்துவிடுகிறது. கோவலனின் மனைவி கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியதும் உள்ளே இருப்பது தன் சிலம்பின் மாணிக்கமா அரசியின் சிலம்பின் முத்தா என்பது நொடியில் தெரிந்துவிட்டது. கோவலன் உயிரோடு இருந்தபோது அந்தச் சோதனையைச் செய்யவும் அதே நொடி போதுமாயிருந்திருக்கும்.

உந்துதல் பெரும்பாலும் நீடிப்பதில்லை. எழுந்து, உச்சத்தைத் தொட்டு, தானே இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் போதும் என்பதற்கு இலங்கையின் அனுபவம் வலுவான சான்று. 1995-இல் அந்நாட்டில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. இறந்தவர்களில் மிகப் பலர் வீட்டில் இருந்த பூச்சிமருந்தைக் குடித்தவர்கள். குடும்பச் சண்டை, அவமானம், திடீர்க் கோபம் ஆகியவை காரணங்களாக இருந்தன. பலரிடம் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. அரசு மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995-இல் முதல் வகை நச்சுகள் எனப்படுபவை, 1998-இல் எண்டோசல்ஃபான் என்று தடை விரிந்தது. 2005-க்குள் இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்தது. இலங்கை மக்களின் மனம் பத்தாண்டுகளில் மாறிவிடவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமல் போனது. பிழைத்தெழுந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வழிக்கு மீளவே இல்லை.

சூதாட்ட உந்துதலுக்கும் இப்படி வழியை அடைக்கும் முயற்சி நடந்தது. தமிழ்நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் வந்த விதிகளில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்பதும் ஒன்றாக இருந்தது. தூக்கம் கெட்டு, தோற்ற பணத்தை மீட்கும் வெறி ஏறும் நேரம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடைசெய்து சட்டம் இயற்றியது.

தனிமனிதர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் விதிகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சோதனை வந்த பிறகு மனவலிமையோடு போராடுவதைவிட, அது வருவதற்கு முன்பே வழியை அடைத்துவைப்பது எளிது. பொருள் வாங்கும் செயலிகளில் வங்கி அட்டை எண்ணைச் சேமித்து வைக்காமல் இருக்கலாம். சினத்தில் எழுதிய கடிதத்தை மறுநாள் காலையில் படித்துப் பார்த்த பிறகே அனுப்பலாம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து விளக்கிய முறை இன்னும் நுட்பமானது. ‘இனிக் கோபப்பட மாட்டேன்’ என்ற பொதுவான உறுதிமொழி அதிகம் நிலைப்பதில்லை. ‘அவர் குரலை உயர்த்தினால் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்’ என்று நேரும் சூழலையும் செய்யப்போவதையும் முன்கூட்டியே பிணைத்துவைத்தால் பலன் கூடுகிறது.

குழந்தைகளிடம் பொறுமையை வளர்க்க அதட்டல் உதவாது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பழகிய குழந்தைகள், காத்திருந்தால் இன்னொரு இனிப்பு கிடைக்கும் என்று நம்பிச் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குத் தவறியவரிடம் பழகிய குழந்தைகளோ மூன்று நிமிடத்திலேயே இனிப்பை எடுத்துவிட்டார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் காத்திருப்பதற்குக் காரணமும் இல்லை.

அவசரம் அடிக்கடி வேலையையோ உறவையோ உயிரையோ பாதிக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரை நாடுவதே முறை. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏடிஎச்டி போன்ற நிலைகளுக்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.