சுகானுபந்தம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் குடியேறி முதுமை எய்திய நம் சிராவக சிராவகியர் பலருக்கு மாலைப்பொழுதின் துணை பழைய திரையிசையே. விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தனர். இலங்கை வானொலியில் அவர்தம் பாடல்களைச் செவிமடுத்த நாமோ இன்னும் அங்கேயே நிற்கின்றோம். பி. பி. ஸ்ரீநிவாசும் டி. எம். சௌந்தரராஜனும் 2013-இல் அடுத்தடுத்து மறைந்தபோது, உறவினரை இழந்தாற்போலக் கலங்கினோம்.

இது பாவமா என வினவுவோர் உளர். இசையை நம் சமயம் பகைத்ததில்லை. சீவகசிந்தாமணியில் இசைப்போட்டியில் வென்றே சீவகன் காந்தருவதத்தையை மணக்கின்றான். பாடியவர் திருத்தக்கதேவர் என்னும் துறவி! ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர், சல்லேகனைக்குரிய ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகச் சுகானுபந்தத்தைக் கூறுகின்றார். முன்பு துய்த்த இன்பங்களை மீண்டும் மீண்டும் நினைந்து பற்றுக்கொள்ளுதல் என்பது பொருள். பாட்டைக் கேட்டலன்று குற்றம். அப்பாட்டு ஒலித்த வயதை மீள வேண்டி ஏங்குதலே குற்றம். ராகம் என்னும் ஒரே சொல் பண்ணையும் குறிக்கும், பற்றையும் குறிக்கும். வீதராகர் என்று நாம் தொழுவது பற்றற்றவரையே.

சல்லேகனை இறுதியில்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் அறுபதாண்டு பழகிய செவி ஒரே நாளில் திரும்புமா? அதே சிந்தாமணியில், உயிர் பிரியும் நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்காரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. ஆகவே பாடல் முடிந்து கைபேசி அடங்கியதும், பேரக்குழந்தைகளை அருகழைத்து ஒருமுறை அம்மந்திரத்தை ஓதச் சொல்லிக் கேட்டு வருகின்றோம். குழந்தைகள் அதற்கும் மெட்டமைத்துக் கொள்கின்றன. அமைக்கட்டும்.