லாபக் கணக்கும் தர்மமும்

பொருளியல் படிச்சா சுயநலம் கூடுமா? அமெரிக்காவில் ராபர்ட் ஃபிராங்கும் இரு நண்பர்களும் இதை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். இருவர் ஆடும் பண விளையாட்டு அது. ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. ஏமாற்றினால் ஏமாற்றியவருக்குக் கூடுதல் லாபம். பொருளியல் மாணவர்களில் ஏமாற்றியவர்கள் சுமார் 60 விழுக்காடு. மற்றவர்களில் சுமார் 39.

பொருளியல் மாணவனான எனக்கு இது சுட்டது. சுயநலக்காரங்கதான் அந்தப் படிப்புக்குப் போறாங்களா, இல்லை படிப்பு அவங்களை மாத்துதா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. ‘மனிதன் தன் லாபத்தையே தேடுவான்’ என்பது பாடத்தில் வெறும் அனுமானம். தினமும் கேட்டால் அதுவே அறிவுரை ஆகிவிடுகிறது.

கோயில் கோத்தோங் ரோயோங்கை எடுத்துக்கொள்வோம். நான் போகாவிட்டாலும் கோயில் சுத்தமாகும்; அன்னதானமும் கிடைக்கும். கணக்குப்படி வீட்டில் தூங்குவதே லாபம். எல்லாரும் இப்படிக் கணக்குப் போட்டால் துடைப்பம் பிடிக்க யார் இருப்பா? பலனை எடைபோடாமல் கடமையைச் செய்யச் சொல்லும் கர்மயோகம் இங்கேதான் கைகொடுக்கிறது.

பொருளியலின் தந்தை ஆடம் ஸ்மித், 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ வெளியிடுவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே அறவுணர்வைப் பற்றித்தான் முதல் நூல் எழுதினார். நண்பர்களே, நமக்கும் அதே வரிசைதான்: முதலில் தர்மம், பிறகு கணக்கு.