மண்பாதை யாருக்கு அழகு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடு. கிராவல் பைக் ஓட்டுகிறவனுக்கு அதில் பெரிய ருசி இல்லை. தலைச்சோலைப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகள்தான் இழுக்கும். அங்கே கிடக்கும் கறுத்த கல் எரிமலைக் கல் இல்லை. பூமியின் ஆழத்தில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான சார்னோகைட்.

"தார் போட்டுட்டா இந்த அழகே போயிடும்" என்று சைக்கிள்காரர்கள் பேசிக்கொள்வோம். சிக்கல் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மிளகு மூட்டை சுமப்பவருக்கும், பிரசவ வலியில் ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் தினமும் இதே பாதைதான்.

அப்போ சிரமத்தை ரசிப்பது தப்பா? இல்லை. மூச்சு வாங்க ஏறி நிற்கும்போது வரும் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் ரசனைக்கு ஓட்டுரிமை கிடையாது. பாதை எப்படி இருக்கணும்னு சொல்ல வேண்டியவர்கள், வேறு வழியில்லாமல் அதில் நடப்பவர்கள். தார் வந்தால் பின்னாலேயே ரிசார்ட்டும் வரும் என்பார்கள். வரலாம். அந்த லாப நஷ்டக் கணக்கையும் அவர்கள்தான் போடணும். அவர்கள் தார் கேட்டால், கூட நின்று நானும் கேட்பேன். எனக்கு வேறு பாதை கிடைக்கும்.