இழப்பும் ஈடும்

உடைந்த குடத்துக்கு விலை உண்டு. முறிந்த கைக்கு விலை உண்டா? ஒளியிழந்த கண்ணுக்கு, வளர்ந்து வந்த மகனின் உயிருக்கு விலை உண்டா? இல்லை என்றே மனிதமனம் மறுமொழி கூறும். ஆயினும் நீதிமன்றங்கள் நாள்தோறும் இவற்றுக்கு ஒரு தொகையைக் குறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. விலை இல்லாத ஒன்றுக்குத் தொகை குறிப்பது எங்ஙனம்? அத்தொகையைப் பெற்றுக்கொள்வது அறமாகுமா? இவ்விரு வினாக்களும் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. உழைத்து வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை.

கோல சிலாங்கூரிலும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பதில்லை. மலாயாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது இம்மண்ணில்தான். 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே தென்னமரம் தோட்டத்தில் அப்பயிரைத் தொடங்கினார். அன்று தொடங்கி ஈஜோக்கிலும் ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் மரத்தை நம்பியே தலைமுறைகள் வாழ்ந்தன. இருள் விலகுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள் கத்தியோடும் அரிவாளோடும் மருந்துத் தோம்போடும் நாளைக் கழித்தார்கள். உயரமான செம்பனையிலிருந்து விழும் குலை தோளை முறிக்கும். மட்டையின் முள் கண்ணைக் குத்தும். குலை வெட்டும் நீண்ட உலோகக்கோல் மின்கம்பியில் பட்டால் உயிரே போகும். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பெருஞ்சாலைக்கு வந்தால் அங்கே லாரிகள். இத்தகைய வாழ்வில் இழப்பு என்பது அயலார் கதை அன்று.

இழப்பு நேர்ந்த வீட்டில் ஒரு தயக்கம் தலைகாட்டும். "பிள்ளையின் உயிரை விற்ற காசு நமக்கு எதற்கு?" என்று முதியவர்கள் கேட்பார்கள். இத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. உயிருக்கு விலையில்லை என்னும் உயர்ந்த உணர்விலிருந்தே அது பிறக்கிறது. ஆனால், அவ்வுணர்விலிருந்து பெறப்படும் முடிவு சரிதானா என்பதை நாம் ஆராய வேண்டும்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறிந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகள் சில ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. வேட்டைக்குச் சென்ற ஒருவன், விலங்கு என்று எண்ணி எய்த அம்பு மனிதன்மேல் பாய்ந்து அவன் இறந்துபடுகிறான். ஊரார் கூடி ஆராய்ந்து, இது அறியாது நேர்ந்த பிழை எனக் கண்டு, எய்தவன் கோயிலில் விளக்கெரிக்க ஆடோ பசுவோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறார்கள். கொலைக்குக் கொலை என்னும் கொடுமையை இத்தீர்ப்பு தவிர்க்கிறது. அறியாமல் செய்தாலும் பொறுப்பு உண்டு என்பதையும் நிலைநாட்டுகிறது. இறந்தவன் பெயரால் ஓர் ஒளி எரிகிறது. ஆனால் அவன் மனைவியின் அடுப்பு எரிந்ததா? விளக்குக்கு நெய் சென்றது. மக்களுக்குச் சோறு சென்றதா என்று அக்கல்வெட்டுகளை நோக்கி வினவத் தோன்றுகிறது.

பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறு அவ்வினாவையே எழுப்புகிறது. இளவரசன் தேரில் சிக்கிக் கன்று இறந்தபோது, சாத்திரம் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கின்றனர் அமைச்சர். அக்கழுவாய் கன்றை இழந்த பசுவின் துயரை ஆற்றுமா என்று மன்னன் மறுத்துக் கேட்கிறான். அவன் தேர்ந்த முடிவை இன்றைய நீதி ஏற்காது. எனினும் அவன் கேட்ட கேள்வி என்றும் வாழும். தவறிழைத்தவன் தன் பழியைத் துடைத்துக்கொள்வது வேறு; துன்புற்றவரின் துயரைத் துடைப்பது வேறு. ஈடு என்பது இரண்டாவதைச் செய்தாக வேண்டும்.

இக்காலச் சட்டம் அதையே நோக்கமாகக் கொண்டுள்ளது. விபத்து நேராதிருந்தால் ஒருவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் இயன்ற அளவு அந்நிலையில் அவரை வைப்பதே இழப்பீட்டின் அடிப்படை. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் இதற்கு வழிவகுக்கிறது. 1984-இலும் 2019-இலும் அச்சட்டம் இத்துறையில் திருத்தம் பெற்றது.

ஈடு பல வகைப்படும். முதலாவது, கையை விட்டு ஏற்கெனவே போன பணம். மருத்துவச் செலவு, மருத்துவமனைக்குச் சென்றுவந்த செலவு, வேலைக்குப் போகாத நாள்களின் கூலி ஆகியன இதில் அடங்கும். இதனைச் சிறப்பு இழப்பீடு என்பர். இதற்குச் சான்று வேண்டும்; பற்றுச்சீட்டைத் தொலைத்தவர் பணத்தையும் தொலைக்கக் கூடும். இரண்டாவது, இனிமேல் வரவேண்டிய வருமானம். மூன்றாவது, பட்ட வலிக்கும், இழந்த வாழ்வின்பத்துக்கும் உரிய தொகை. நடக்க முடியாமை, குழந்தையைத் தூக்க முடியாமை போன்றவை இதில் கருதப்படும். நான்காவது, உயிர் போன இடத்தில், அவரை நம்பி வாழ்ந்தோர் இழந்த ஆதரவு. ஐந்தாவது, சட்டம் குறித்த நெருங்கிய உறவினர்க்குரிய துயர ஈடு. இவையன்றி, மிகக் கொடிய செயலைக் கண்டிக்கும் தண்ட இழப்பீடும் உண்டு. அது அரிதாகவே வழங்கப்படும்.

இவ்வகைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வலிக்குத் தொகை குறிக்கும்போது சட்டம் ஒருவரின் சம்பளத்தைக் கேட்பதில்லை. எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்பதற்கு, 2018-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஒரு வழிகாட்டித் தொகுப்பு நீதிமன்றங்களுக்குத் துணைசெய்கிறது. அதில் தொழிலாளியின் கால், மேலாளரின் கால் என்ற பிரிவு இல்லை. துயர ஈடும் அத்தகையதே. 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10,000 வெள்ளியாக இருந்த அத்தொகை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 30,000 வெள்ளியாயிற்று. மாளிகையில் இறந்தாலும் லயத்தில் இறந்தாலும் தொகை ஒன்றே.

வருங்கால வருமானத்துக்கு வரும்போதுதான் சமநிலை குலைகிறது. சட்டத்தின் கணக்கு எளியது. விபத்தின்போது 30 வயதோ அதற்குக் குறைவோ உடையவருக்கு 16 ஆண்டுகள் கணக்கில் கொள்ளப்படும். 31 முதல் 59 வரை உள்ளவர்க்கு, 60-இலிருந்து வயதைக் கழித்து, மீதியை இரண்டால் வகுக்க வேண்டும். 44 வயதுடைய இருவரை எண்ணிப் பார்ப்போம். இருவர்க்கும் 8 ஆண்டுகள். வாழ்க்கைச் செலவு போக மாதம் 1,000 வெள்ளி இழந்த தொழிலாளிக்கு 96,000 வெள்ளி; மாதம் 10,000 வெள்ளி இழந்த அதிகாரிக்கு 9,60,000 வெள்ளி. ஒரே சாலை, ஒரே காயம், ஒரே வயது. தொகையோ ஒன்றுக்குப் பத்து.

பழைய ஆங்கிலச் சட்டங்களில் மனிதனுக்கு வெளிப்படையாகவே விலை இருந்தது. வெசெக்ஸ் நாட்டில் உயர்குடியினன் ஒருவனைக் கொன்றால் 1,200 வெள்ளிக்காசு. எளிய குடியானவனைக் கொன்றால் 200. அச்சட்டம் மறைந்து நூற்றாண்டுகள் பல ஆயின. பிறப்பைக் கொண்டு மதிப்பிடுவதை நாகரிக உலகம் கைவிட்டது. ஆனால் வருமானத்தைக் கொண்டு அளக்கும்போது, பழைய ஏற்றத்தாழ்வு வேறொரு வாயில் வழியாக உள்ளே வந்துவிடவில்லையா?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலிமையானது. நீதிமன்றம் இழந்ததைத்தான் தரமுடியும், இல்லாதிருந்ததைத் தரமுடியாது. லாரி ஓட்டியவர் அத்தொழிலாளிக்குக் குறைந்த கூலி கொடுத்தவர் அல்லர். சமுதாயத்தின் கடனை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. மேலும், அதிகாரியின் குடும்பமும் தன் வருமானத்துக்கு ஏற்பவே கடன் பெற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும், அவ்விழப்பும் மெய்யானதே.

இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் ஒன்றை மறக்கலாகாது. வருமானக் கணக்கு பண இழப்பை அளக்கும் கோல். மனிதனை அளக்கும் கோலாக அது மாறக்கூடாது. தோட்டக் கூலி தாழ்ந்திருந்தது இயற்கையின் விதி அன்று. நாள்கூலி முறையும், மழை பெய்தால் வெட்டு இல்லை என்ற நிலையும், 2013-க்கு முன் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் இல்லாமையும் சேர்ந்து அதைத் தாழ்த்தி வைத்தன. உயிரோடிருந்தபோது குறைவாகப் பெற்றவர், உடல் சிதைந்தபின் அக்காரணத்தாலேயே மீண்டும் குறைவாகப் பெறுகிறார். ஆகவே, சம்பளத்தைச் சாராத பகுதிகளான வலி, வாழ்வின்பம், வருங்காலப் பராமரிப்பு, துயரம் ஆகியவற்றுக்குரிய தொகைகள் பெயரளவில் நின்றுவிடாமல் காலத்துக்கேற்ப உயர வேண்டும். சட்டம் மனிதரைச் சமமாகக் காணும் இடம் அதுவே. அவ்விடம் அகலமாக இருத்தல் வேண்டும். துயர ஈடு ஒருமுறை உயர 35 ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சம்பளமே இல்லாத உழைப்பின் நிலை இன்னும் கடினமானது. வருமான இழப்பைக் கோருபவர், விபத்துக்கு முன் தம் உழைப்பால் ஊதியம் பெற்றுவந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். பால்மரக் காலத்தில் கணவனோடு நிரைக்குச் சென்று, மங்கு துடைத்து, பால் எடுத்துச் சுமந்த பெண்கள் எத்தனையோ பேர்! செக்ரோலில் இருந்தது கணவனின் பெயர் மட்டுமே. ஏட்டில் இல்லாத அவ்வுழைப்பை மெய்ப்பிப்பது எங்ஙனம்? இல்லத்தில் சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, முதியோரைப் பேணியவள் வீழ்ந்தால், அவள் செய்ததைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும்போதுதான் அதன் அளவு தெரிகிறது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் காப்பு உண்டு என்றாயிற்று. வீட்டு வேலையும் வேலையே என்பதை நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

வேலையிடத்து விபத்துக்குத் தனி வழி உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ நிறுவனம், யார் பிழை என்று கேளாமல் தொழிலாளிக்கு உதவுகிறது. தற்காலிக முடக்கத்துக்கு நாட்சம்பளத்தில் 80 விழுக்காடும், முழுமையான நிரந்தர முடக்கத்துக்கு 90 விழுக்காடும் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். வழக்கு நடத்த வசதியில்லாத குடும்பத்துக்கு இது பெருந்துணை. ஆனால் இதற்கு ஒரு மாற்றுவிலை கொடுக்கப்பட்டிருக்கிறது. இக்காப்பில் உள்ள தொழிலாளி, வேலையில் நேர்ந்த காயத்துக்காக முதலாளிமீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு பெற முடியாது. உறுதியான உதவிக்காக முழுமையான ஈட்டை விட்டுக்கொடுக்கும் உடன்பாடு இது. வலிக்கெனத் தனித்தொகை இதில் இல்லை. தவறு எவருடையது என்னும் தீர்ப்பும் இதில் இல்லை. பசித்தவனுக்கு உடனடிச் சோறு பெரிது. இவ்வுடன்பாட்டைக் குறைகூற இயலாது. எனினும் "நடந்தது தவறு" என்ற ஒரு சொல்லுக்காக ஏங்கும் மனத்துக்கு மாதத்தொகை மட்டும் மருந்தாகாது. அச்சொல்லைச் சொல்லும் கடமை, 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசைச் சார்கிறது.

ஒரே நாளில் நேராத காயமும் உண்டு. தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண்களின் நோய்கள் அத்தகையவை. 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும் அவர்கள் நிலையை ஆராய்ந்து நூலாக வெளியிட்டன. அவ்வாண்டிலேயே பாராகுவாட் மருந்துக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது. நகம் கறுத்ததற்கும் மூச்சு முட்டியதற்கும் தேதி எது, சாட்சி எது? காரணத்தை மெய்ப்பிக்க இயலாத இடத்தில் ஈடும் இல்லை. ஈட்டைக் காட்டிலும் தடுப்பே உயர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். ஈடு உயிரின் விலை அன்று. விலை என்றால் விற்பவரின் இசைவு வேண்டும். எந்தத் தாயும் அதற்கு இசைந்ததில்லை. தீங்கு செய்தவர் ஏற்க வேண்டிய பொறுப்பே பணமாக வருகிறது. அதை வேண்டாம் என்று ஒதுக்கினால் இறந்தவர்க்குப் பெருமை சேர்வதில்லை. பொறுப்பாளர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடுகிறது. எனவே ஈட்டைப் பெறுதல் இழிவன்று. உரிமையும் கடமையும் ஆகும்.

உரிமைக்குக் காலவரம்பு உண்டு. தீபகற்பத்தில் காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 6 ஆண்டுக்குள்ளும், இறந்தவரைச் சார்ந்தோர் தம் வழக்கை 3 ஆண்டுக்குள்ளும் தொடுக்க வேண்டும். அரசுத் துறைகள்மீதான காய வழக்குக்கும் காலம் 3 ஆண்டுகளே. துக்கத்திலும் தயக்கத்திலும் இந்த ஆண்டுகள் ஓடிவிடும். தமிழாசிரியர்கள் மனுநீதிச் சோழனைப் பாடம் நடத்தும் நாளில் இதையும் சேர்த்துச் சொல்லலாம். காவல்துறை அறிக்கை ஒன்றைப் படித்துணரவும், பற்றுச்சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கவும், சொக்சோ பாரத்தை நிரப்பவும் தெரிந்த ஒரு மாணவன் அவ்வீட்டில் இருந்தால், ஆராய்ச்சி மணியின் கயிறு அக்குடும்பத்தின் கைக்கு எட்டிவிடும்.