இடமும் முயற்சியும்

பிறந்த மண்ணை விட்டுச் சென்று பெறும் உயர்வு இடத்தால் வந்ததா, முயற்சியால் வந்ததா என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு.

கிரிக்கெட் வீரர் ராபின் சிங்கின் வாழ்வு இதற்கு நல்லதொரு சான்று. 1963-இல் டிரினிடாடில் பிறந்த அவர், இளமையில் சென்னைக்கு வந்து தமிழ்நாட்டு அணியில் ஆடினார். 1987–88-இல் அவ்வணி ரஞ்சிக் கோப்பையை வென்றது. பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார். 1989-இல் இந்தியாவுக்காக இரண்டே ஒருநாள் போட்டிகள். பின்னர் ஏழாண்டுகள் அழைப்பில்லை. அக்காலமெல்லாம் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடிவந்தார். 1996-இல், முப்பத்துமூன்றாம் வயதில், மீண்டும் இடம்பெற்று, 2001-க்குள் மொத்தம் 136 ஒருநாள் போட்டிகளை நிறைவு செய்தார்.

நாடு மாறியதே காரணமெனின் 1989-லேயே பயன் கிட்டியிருத்தல் வேண்டும். மரக்காணம் உப்பளங்களில் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுகின்றனர். மாற்றிய அன்றே அது உப்பாவதில்லை; வெயிலில் பல நாள் கிடந்து செறிந்த பின்னரே உப்பு விளைகிறது. உப்பு நீரிலேயே இருந்தது. பாத்தி நிமித்தம் மட்டுமே.

இடையே பெருமழை பெய்யின் விளைந்ததும் கரைந்துபோகும். ஆதலின் முயன்றோர் அனைவரும் வெல்வர் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும், 1996-இல் அழைப்பு வராதிருந்தாலும் அவ்வேழாண்டு உழைப்பு சிறுமையுற்றிராது. உழைப்பின் மதிப்பு வேறு, அதற்குக் கிட்டும் வாய்ப்பு வேறு.

திண்டிவனம், வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் இளைஞர் பலர் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். சென்ற ஓராண்டிலேயே "என்ன சேர்த்தாய்?" என வினவுதலைப் பெரியோராகிய நாம் தவிர்ப்போமாக. "எவ்வாறு உழைக்கிறாய்?" என்று கேட்பதே அவர்க்கு நாம் செய்யும் நன்மையாகும்.