சோளக்காட்டுப் பலா

ஆடிப் பதினெட்டை ஒட்டி, ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள். செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை, மேடையில் கலை நிகழ்ச்சி, வில்வித்தைப் போட்டி, தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சி. ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடிவைத்த வள்ளல். அவனுக்கு விழா எடுக்க வேண்டியதுதான். நான் மலையேறியது பலாவுக்காக.

*

கண்காட்சிகளில் பழத்தைப் பழமாக இருக்க விடுவதில்லை. மயிலாகவோ மீனாகவோ ஆகிவிடும். பலா அதற்கெல்லாம் மசியாது. மூலையில் கிடக்கும், வாசனையை மட்டும் அனுப்பிக்கொண்டு.

*

சோளக்காடு சந்தைப் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் ஒரு அம்மா. கத்தியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய். பழத்தைப் பிளந்ததும் தண்டைச் சுற்றிப் பால் கசிந்தது. செய்தித்தாளைச் சுருட்டி ஒற்றி எடுத்தார். தண்டைச் சீவினார், சடையை விலக்கினார், சுளையின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்பினார். "பெருசு சிறுசுன்னு பாக்காதீங்க சாமி, முள்ளு விரிஞ்சிருக்கான்னு பாருங்க." சீசன் முடிகிற நேரம். மழை கண்ட பழம் சப்பென்று போய்விடும் என்பார்கள். இது அப்படிப் போகவில்லை. கடித்ததும் நறுக்கென்றது, பிறகுதான் தித்திப்பு.

*

ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து பருத்ததுதான் பலாப்பழம். கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளை. கருவுறாமல் நின்றுபோன பூக்கள்தான் நாம் பிய்த்துப் போடும் சடை. இது தெரிந்த பிறகு சடையைக் குப்பையில் போடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதற்காகத் தின்னவா முடியும்? அந்த அம்மா கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காம்.

*

மலையில் பலா காபிக்கு நிழலாக நிற்கும், வரப்போரத்தில் நிற்கும், மிளகுக்கொடிக்கு முதுகு கொடுக்கும். பயிர் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. கணக்கு குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத்தான். சாமையும் தினையும் விளைந்த காடுகளில் பாதிக்கு மேல் அது ஏறி உட்கார்ந்ததற்குக் காரணம் மலையில் இல்லை; கீழே சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிற ஜவ்வரிசி ஆலைகள் கேட்டன, மலை கொடுத்தது. கையில் பணம் வந்தது. களத்தில் சாமை குறைந்தது. இரண்டும் நடந்தவைதான்.

பலாவைக் கேட்டு ஆலை எதுவும் வரவில்லை. மரங்கள் இவ்வளவு காலம் அவற்றின் போக்கில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

கேரளம் 2018-இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. அங்கே சிப்ஸ், மாவு என்று பலாவுக்கு இப்போது நல்ல மவுசு. இங்கும் ஒரு பலாத் திருவிழா வைத்தால் மலைக்காரர்கள் கையில் நாலு காசு புரளுமே என்று சொல்ல வாய் வருகிறது. குச்சிக்கிழங்கை நினைத்தால் அடங்கிவிடுகிறது. வெறும் சுளையைத் தின்றுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிற எனக்கு அதைச் சொல்ல என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர் அந்த அம்மா அல்லவா.

*

முழுப்பழம் ஒன்று வாங்கிக்கொண்டு நாமக்கல் பேருந்தில் ஏறினேன். "சீட்டுக்கு அடியில தள்ளுங்க சார், வளைவுல உருளும்" என்றார் கண்டக்டர். தள்ளியும் உருண்டது. பாதி மலை இறங்குவதற்குள் பேருந்து முழுக்க வாசனை. முன் சீட்டுப் பெரியவர் ஒருவர் அதைக் காலால் அணைத்து நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"வருக்கைதானுங்களே?"

ஆமாம் என்றேன்.

"என்ன வெல சொன்னாங்க?"

சொன்னேன். அதிகம் என்றார்.